செத்துப்போச்சா, மெதுவா இருக்கா? சர்வர்களுக்குக் காவல் நிற்கும் நிரல்களின் கதை

ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு இது உடனே புரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா போன் பண்றாங்க. நீங்க எடுக்கல. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி. எடுக்கல. மூணாவது தடவையும் எடுக்கலன்னா ரூம்மேட்டுக்கு போன் போகும். அவனும் எடுக்கலன்னா வார்டனுக்கு. நீங்க என்னமோ போனை சைலண்ட்ல போட்டுட்டு நிம்மதியா தூங்கிட்டு இருப்பீங்க. கதவைத் தட்டி எழுப்ப ஒரு கூட்டமே வந்து நிக்கும்.

அம்மாவுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்: பதில் வரல. ஏன் வரலங்கிறது அந்தப் பக்கத்துலேர்ந்து தெரியாது. தூக்கமா, சார்ஜ் இல்லையா, டவர் இல்லையா, நிஜமாவே ஏதாவது ஆயிடுச்சா, எல்லாத்துக்கும் ஒரே ரிங்டோன்தான். அப்போ எத்தனை தடவை கூப்பிட்டுப் பார்க்கறது? ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விடறது? எந்த இடத்துல வார்டனைக் கூப்பிடறது?

இதே கேள்வியைத்தான் ஐம்பது வருஷமா ஒரு வகை நிரல் கேட்டுக்கிட்டு இருக்கு. வங்கி, டெலிபோன், டிக்கெட் முன்பதிவு என்று நிற்கவே கூடாத வேலைகளை ஒரே இயந்திரத்தை நம்பி விடமாட்டார்கள். இரண்டு, மூன்று இயந்திரங்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டர் ஆக்குவார்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ஃபெயில்ஓவர். ஆனால் ‘ஒன்று படுத்துவிட்டது’ என்று யார் சொல்வது? அதற்கென்று ஒரு காவல்காரன் இருக்கிறான். சில விநாடிகளுக்கு ஒருமுறை போய் “இருக்கியா?” என்று கேட்பதுதான் அவன் வேலை. அவன் பெயர் ஃபால்ட் மானிட்டர். இன்றைய எபிசோட் அவனைப் பற்றித்தான். இன்னும் சரியாச் சொன்னா, அவன் கையில் நாம் எழுதிக் கொடுக்கும் நாலைந்து எண்களைப் பற்றி.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் இருக்கு. அதைப் பிறகு சொல்றேன்.

முதலில் 1974. கலிபோர்னியாவில் ஜிம்மி ட்ரைபிக் என்பவர், ஹியூலெட்-பேக்கர்டில் வேலை பார்த்தவர், சில பேரைச் சேர்த்துக்கொண்டு டாண்டம் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். விற்கப் போகிற பொருள், நிற்காத கம்ப்யூட்டர். 1976-ல் முதல் இயந்திரம் போனது சிட்டிபேங்குக்கு. ‘நான்ஸ்டாப்’ என்றே அதற்குப் பெயர். இரட்டை இயந்திரம் அவர்களுக்கு முன்பும் இருந்தது. 1950-களின் கடைசியில் அமெரிக்க விமானப்படையின் சேஜ் மையங்களில் ஒன்று ஓட, இன்னொன்று காத்துக்கொண்டு நின்றது. ஆனால் காசு கொடுத்துக் கடையில் வாங்குகிற பொருளாக அதை ஆக்கியது டாண்டம்தான் என்று சொல்லலாம்.

அந்த இயந்திரத்துக்குள் ஒவ்வொரு பிராசஸரும் விநாடிக்கு ஒருமுறை மற்ற எல்லாருக்கும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் சரிபார்க்கும்: யாரிடமிருந்தெல்லாம் செய்தி வந்தது, யாரிடமிருந்து வரவில்லை? வராத பிராசஸர் செத்ததாகக் கணக்கு.

இரண்டே விநாடி! இன்றைக்குப் பல இடங்களில் யாரும் இவ்வளவு குறைவாக வைக்கத் துணியமாட்டார்கள். அவர்களால் எப்படி முடிந்தது? அந்தப் பிராசஸர்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருந்தன. நடுவில் அவர்களே போட்ட தனி வழி, அதுவும் இரண்டு. கீழே இருக்கும் மின்சுற்றிலிருந்து மேலே ஓடும் நிரல்வரை ஒரே கம்பெனியின் தயாரிப்பு. அது மட்டுமில்ல, ஒரு பாகம் தன்னிடம் தப்பு இருப்பதாக உணர்ந்தால் இழுத்துக்கொண்டே இருக்காமல் உடனே நின்றுவிட வேண்டும் என்பது அவர்களுடைய வடிவமைப்பு விதி. அரை உயிரோடு யாரும் அலையக் கூடாது. அப்படியென்றால் மௌனத்துக்கு ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். இந்த வசதி பிறகு வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு விநாடி என்ற ஆசை மட்டும் வந்து சேர்ந்தது.

டாண்டமில் வேலை பார்த்த ஒருவர் ஜிம் கிரே. 1985-ல் ‘கம்ப்யூட்டர்கள் ஏன் நிற்கின்றன, அதற்கு என்ன செய்யலாம்’ என்ற தலைப்பில் ஓர் அறிக்கை எழுதினார். வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த கோளாறு அறிக்கைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். ஹார்டுவேர் பழுது 18 சதவீதம். சாஃப்ட்வேர் 25. நிர்வாகம், அதாவது மனிதர்கள் இயக்கியதிலும் அமைத்ததிலும் பராமரித்ததிலும் வந்த கோளாறு, 42. ரெண்டாவது பெட்டி வாங்கி வெச்சா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சவங்களுக்கு அது நல்ல அடி.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலான சாஃப்ட்வேர் பிழைகள் ஒருமுறை வந்துவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தால் காணாமல் போய்விடும். கிரே எடுத்துப் பார்த்த ஒரு பதிவில் 132 சாஃப்ட்வேர் கோளாறுகள். அதில் ஒன்றே ஒன்றுதான் திரும்ப ஓட்டியபோதும் அதே இடத்தில் விழுந்தது. மற்றவற்றை ‘ஹைசன்பக்’ என்று சொன்னார். இதை நியாபகம் வெச்சுக்கோங்க. ‘முதல்ல ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க’ன்னு ஹெல்ப்டெஸ்க் சொல்றப்போ நமக்குக் கோபம் வருதே, அதுக்குப் பின்னாடி இப்படி ஒரு கணக்கும் இருக்கு. ஃபால்ட் மானிட்டர் எடுத்தவுடனே வேலையை இன்னொரு இயந்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், அதே இடத்தில் ஒருமுறை, இரண்டுமுறை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதற்கும் இதுதான் நியாயம்.

கிரேயைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். 1998-க்கான டூரிங் விருது வாங்கியவர். 2007 ஜனவரி 28 அன்று, இறந்துபோன தன் அம்மாவின் சாம்பலைக் கடலில் தூவ சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியாகப் போனார். திரும்பவில்லை. எந்தச் செய்தியும் வரவில்லை. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கி, இணையத்தில் தன்னார்வலர்களிடம் பகிர்ந்து தேடினார்கள். படகுகூட கிடைக்கவில்லை. சட்டப்படி அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டது 2012-ல். மௌனத்துக்கு நீதிமன்றம் வைத்திருந்த டைம்அவுட் ஐந்து வருடம்.

சரி. கிரே அறிக்கை வந்த அதே 1985-ல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூன்று பேரின் கட்டுரை ஒன்றும் வெளியானது. செய்தி எவ்வளவு தாமதமாகும் என்று எல்லையே சொல்ல முடியாத ஒரு நெட்வொர்க்கில், ஒரே ஓர் இயந்திரம் விழக்கூடும் என்றால்கூட, மற்ற எல்லோரும் ஒரு முடிவுக்கு நிச்சயமாக வந்து சேர்வதற்கு வழிமுறை கிடையாது என்று கணக்குப் போட்டு நிரூபித்தார்கள். அதற்கு அடியில் இருப்பது நம்ம அம்மா பிரச்சினைதான்: செத்தவனையும் மெதுவானவனையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு 1990-களில் சந்திராவும் டூயெக்கும் அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தார்கள். காவல்காரன் தப்புப் பண்ணலாம், உயிரோடு இருப்பவனைச் செத்தவன் என்று சந்தேகப்படலாம், ஆனால் பிறகு திருத்திக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட காவல்காரனை வைத்தும் வேலையை முடிக்கலாம் என்று காட்டினார்கள். அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே ‘நம்பகமற்ற’ என்ற வார்த்தை இருக்கிறது.

எவ்வளவு சீக்கிரம் சந்தேகப்படலாம், எவ்வளவு தப்புப் பண்ணலாம் என்பதை அவர்கள் சொல்லவில்லை. அது கணக்கில் வராது. அந்த எண்களை யாராவது ஒருத்தர் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நடுவில் ஒரு கதை: 1990 ஜனவரி 15, அமெரிக்கா. ஏடி அண்ட் டி-யின் தொலைதூர டெலிபோன் நெட்வொர்க். நியூயார்க்கில் ஒரு சுவிட்ச் தன்னிடம் ஏதோ சின்னக் கோளாறு என்று பார்த்து, ‘எனக்குக் கொஞ்ச நேரம் கால் அனுப்பாதீங்க’ என்று பக்கத்தில் சொல்லிவிட்டு, நாலைந்து விநாடியில் தன்னைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தது. இதுவரை எல்லாம் சரி. ஆனால் ஒரு மாதம் முன்புதான் புதிய சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள். எதற்கு? இந்த மீட்சியை இன்னும் வேகமாக்க! ‘திரும்பி வந்துட்டேன்’ என்று தனியாக அறிவிக்கத் தேவையில்லை. அதிலிருந்து ஒரு கால் வந்தாலே உயிரோடு இருக்கிறது என்று மற்றவை புரிந்துகொள்ளும். அந்தப் புரிந்துகொள்ளும் கணத்தில், விநாடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளிக்குள், இரண்டாவது செய்தி வந்தால் குழம்பிப்போகிற மாதிரி ஒரு பிழை நிரலில் இருந்தது. குழம்பிய சுவிட்ச் தன்னையே பழுது என்று நினைத்து ரீசெட் ஆகும். திரும்பி வரும். அது திரும்பி வருவதைப் பார்த்துப் பக்கத்துச் சுவிட்ச் குழம்பும். இப்படியே 114 சுவிட்சுகளும் ஒன்பது மணி நேரம் ஒன்றையொன்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தன. வயர் எதுவும் அறுகவில்லை, எந்த இயந்திரமும் எரியவில்லை. குணமாக்கும் வேலையே நோயைப் பரப்பியது.

இப்போ என் கதை. பாட்காஸ்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் சென்னையில் நைட் ஷிஃப்ட் சப்போர்ட்ல இருந்தேன். எங்க வாடிக்கையாளர் ஒருத்தர் பழைய சன் கிளஸ்டரை வைத்திருந்தார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது, 2010-ல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தையே வாங்கியது. அதில் டேட்டாபேஸ், வெப் சர்வர் என்று ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி ஃபால்ட் மானிட்டர் உண்டு. சும்மா பிராசஸ் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காது. டேட்டாபேஸ் மானிட்டர் என்றால் உள்ளே போய்ப் புள்ளிவிவரங்களைப் பார்க்கும். ஒன்றும் அசையாமல் இருந்தால் தானே ஒரு சின்ன டேபிளை உருவாக்கி, மாற்றி, அழித்துப் பார்க்கும். மூச்சு இருக்கான்னு மட்டும் பார்க்காம, எழுந்து ரெண்டு அடி நடன்னு சொல்ற டாக்டர் மாதிரி.

கையில் இருந்த எண்கள் முக்கியமாக நான்கு. எத்தனை விநாடிக்கு ஒருமுறை கேட்பது. பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது. எத்தனை தோல்வி வரை பொறுப்பது. நாலாவது, அந்தத் தோல்விகளை எவ்வளவு கால அளவுக்குள் எண்ணுவது. முதல் மூன்றையும் எல்லோரும் யோசிப்பார்கள். நாலாவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். நானும் கவனிக்கல.

எங்க ஆளுங்க கேட்கும் இடைவெளியை 60 விநாடி, காத்திருக்கும் நேரத்தை 60 விநாடி, பொறுமையை 2 தோல்வி என்று வைத்திருந்தார்கள். எண்ணும் கால அளவை யாரோ, எந்தக் காலத்திலோ, 180 விநாடி என்று குறைத்திருந்தார்கள். சீக்கிரம் ஃபெயில்ஓவர் ஆகட்டும் என்ற நல்ல எண்ணம்தான் போல. அன்று ராத்திரி ஓர் இயந்திரத்தில் டிஸ்க் நோயாளி ஆனது. சாகவில்லை, இழுத்துக்கொண்டு இருந்தது. மானிட்டர் கேட்கும், சில சமயம் அரைகுறையாகப் பதில் வரும், அதுவும் நேரம் கடந்து. அப்படிப்பட்டதை சன் கிளஸ்டர் முழுத் தோல்வியாக எண்ணாது, பாதித் தோல்வி என்று எண்ணும். பாதியும் பாதியும் சேர்ந்து ஒன்றாகி, ஒரு ரீஸ்டார்ட் நடக்கும். அடுத்தது சேர்வதற்குள் மூன்று நிமிடம் தாண்டிவிடும். பழைய கணக்கு அழிந்துவிடும். மறுபடி ஒன்று. மறுபடி ரீஸ்டார்ட். ஆரோக்கியமான இன்னோர் இயந்திரம் பக்கத்திலேயே சும்மா நிற்கிறது. எங்கள் காவல்காரன் நோயாளியையே எழுப்பி உட்காரவைத்து, எழுப்பி உட்காரவைத்து, நாலரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் அவனுக்கு அது முதல் தடவை.

நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தேன். அலர்ட் வரும், ரீஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு பச்சை வரும், டிக்கெட்டை மூடுவேன். காலையில எங்க லீட் வந்து பார்த்தார். “ஏன் தம்பி, ராத்திரி முழுக்க ஒரே டிக்கெட்டை எத்தனை தடவை மூடியிருக்க?”ன்னு கேட்டார். “இல்லண்ணா, ஒவ்வொண்ணும் வேற டிக்கெட்”னு சொன்னேன். அந்தப் பதில் இன்னிக்கும் நினைச்சா கூசுது. வாடிக்கையாளரின் ராத்திரிக் கணக்கு முடிப்பு வேலை நடுவில் நாலைந்து முறை அறுந்து, காலையில் கிளைகள் திறக்கும்போது முடியாமல் கிடந்தது. பழி என் லீட் மேல போச்சு. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கல.

பிறகு அவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டினார். இது அந்த மென்பொருளின் கையேட்டிலேயே இருக்கிற கணக்குதான். கேட்கும் இடைவெளியையும் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டு: 120. அதைப் பொறுமை எண்ணால் பெருக்கு: 240. பாதித் தோல்விகளுக்காக இன்னொரு இரண்டால் பெருக்கு: 480. எண்ணும் கால அளவு இதற்குக் கீழே இருக்கவே கூடாது. எங்களுடையது 180. ஃபெயில்ஓவரை வேகமாக்க நினைத்து வைத்த எண், நோயாளி மெதுவாக இழுக்கும் நாளில் ஃபெயில்ஓவர் நடக்கவே முடியாத மாதிரி ஆக்கிவிட்டது.

இது சின்ன ஊர்க் கதை. பெரிய இடத்தில் என்ன நடந்தது? நிரல் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த கிட்ஹப். அவர்களை மெச்ச வேண்டிய விஷயம், விழுந்தது எப்படி என்று வெளிப்படையாக எழுதிவிடுவார்கள்.

2012 செப்டம்பர். ஒரு டேட்டாபேஸ் மாற்ற வேலையால் முதன்மை சர்வரில் பாரம் ஏறியது. மானிட்டர் கேட்ட கேள்விக்கு நேரத்தில் பதில் வரவில்லை. ஃபெயில்ஓவர். புதிய முதன்மையின் நினைவகத்தில் தகவல் எதுவும் சூடாக இல்லை, இப்பதான் எழுந்திருக்கு. அது இன்னும் மெதுவாகப் பதில் சொன்னது. அதுவும் செத்ததாகக் கணக்கு. மறுபடி பழையதற்கே ஃபெயில்ஓவர். கடைசியில் பொறியாளர்கள் செய்தது, தானியங்கி ஃபெயில்ஓவரையே அணைத்து வைத்ததுதான். பாரம் அதிகமாக இருப்பவனைச் செத்தவன் என்று சொல்லி, அந்தப் பாரத்தைத் தூங்கி எழுந்தவன் தலையில் வைத்தால் வேறு என்ன ஆகும்?

அதே வருடம் டிசம்பர் 22. சுவிட்ச் பராமரிப்பு வேலையின்போது நெட்வொர்க் கொஞ்ச நேரம் உறைந்தது, ஹார்ட்பீட் டைம்அவுட்டைத் தாண்டும் அளவுக்கு. கோப்புகளை வைத்திருந்த சர்வர்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஜோடியில் ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்தது. இப்படிப்பட்ட சமயத்தில் இரண்டும் ஒரே கோப்பில் எழுதிக் கெடுத்துவிடாமல் இருக்க ஒரு முறை உண்டு: சந்தேகப்பட்டவனின் மின்சாரத்தைப் பிடுங்கிவிடுவது. ‘ஸ்டோனித்’ என்பார்கள், ‘பக்கத்து நோடைத் தலையில் சுடு’ என்பதன் சுருக்கம். நெட்வொர்க் திரும்பியவுடன் சில ஜோடிகளில் இரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. ஒரே நேரத்தில்.

எனக்கு மிகப் பிடித்தது, பிடித்ததுன்னு சொல்றது தப்பு, 2018 அக்டோபர் 21. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான ஓர் ஆப்டிகல் கருவியை மாற்றுகிறார்கள். வழக்கமான வேலை. 43 விநாடி தொடர்பு அறுந்தது. 43 விநாடிதான்! இதற்குள் ஃபெயில்ஓவரைப் பார்த்துக்கொள்ளும் ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள், மற்ற இடங்களில் இருந்த தன் கிளைகளோடு கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு, கிழக்கு போய்விட்டது என்று முடிவெடுத்து, மேற்குக் கரை டேட்டாபேஸ்களை முதன்மை ஆக்கியது. எழுதி வைத்த விதிப்படி அது ஒரு தப்பும் செய்யவில்லை.

ஆனால் கிழக்கில் கடைசிச் சில விநாடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் புதிதாக எழுதப்படுபவை கிழக்கில் இல்லை. இரண்டு பக்கமும் மற்றதிடம் இல்லாத தகவல். மிகப் பரபரப்பான ஒரு கிளஸ்டரில் மட்டும் இப்படிச் சிக்கிய பதிவுகள் 954. திரும்பப் போகவும் முடியாது, இப்படியே ஓடவும் முடியாது, ஏனென்றால் கிழக்கில் ஓடும் செயலிகள் ஒவ்வொரு கேள்விக்கும் நாட்டைக் குறுக்கே கடந்து மேற்குக்குப் போய்வர வேண்டும். தளத்தை அரைகுறையாக ஓடவிட்டாலும் பரவாயில்லை, யாருடைய தகவலும் தொலையக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். பேக்கப்பிலிருந்து மீட்டு, ஒத்திசைத்து, எல்லாம் சரியாக 24 மணி 11 நிமிடம் ஆனது.

அந்த 43 விநாடி முழுக்க அந்தக் காவல்காரன் வெறுமனே நின்றிருந்தால், மக்கள் ரெண்டு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிட்டுப் போயிருப்பாங்க. ஆனா அந்த இடத்துல நின்னுக்கிட்டு, இது 43 விநாடியில் சரியாகும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? இதுதான் எனக்கு இன்னும் தீராத விஷயம். டைம்அவுட்டைக் கூட்டு என்று சொல்லிவிடலாம். நிஜமாகவே கிழக்குக் கரை டேட்டா சென்டரில் தீப்பிடித்திருந்தால், அதே காத்திருப்பை நாம எல்லாரும் திட்டியிருப்போம்.

கிட்ஹப் பிறகு செய்தது விநாடிகளைக் கூட்டுவது அல்ல. ஒரு கரைக்குள்ளேயே முதன்மையை மாற்றிக்கொள்ள ஆர்கெஸ்ட்ரேட்டருக்கு அனுமதி உண்டு, கரை தாண்டி மாற்ற அனுமதி கிடையாது என்று அமைப்பை மாற்றினார்கள். எங்க லீட் அந்த 180-ஐ 480-க்கு மேலே ஏற்றினார். கூடவே இன்னொன்றும் செய்தார்: ஒரே சேவை ஓர் இரவில் மூன்றாவது முறை ரீஸ்டார்ட் ஆனால், பச்சை வந்தாலும் டிக்கெட்டை மூடக் கூடாது, அவரை எழுப்ப வேண்டும். முதல் வாரத்திலேயே ராத்திரி ரெண்டரை மணிக்கு எழுப்பினேன். போனை எடுக்கல. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பண்ணேன்.

அடுத்த எபிசோடில் 2012 ஜூன் 30 ராத்திரி, உலகக் கடிகாரத்தில் ஒரே ஒரு விநாடியைச் சேர்த்ததால் சர்வர்கள் திணறிய கதை. அதுவரைக்கும், அம்மா போன் பண்ணா எடுங்க மக்களே.